மலையிலிருந்து இறங்காத பெயர்

எண்பதுகளின் பிற்பகுதி. சுவிஸின் சோலோதுர்ன் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நானும் கூட வேலை செய்த அண்ணை ஒருவரும் விடுமுறைக்கு இத்தாலி போனோம். சிசிலிக்கு அருகே ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது, அதைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று சமையலறை இத்தாலியர்கள் சொல்லியிருந்தார்கள்.

நாடு விட்டு வருமுன் நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரச அலுவலகத்தில், எழுதுவினைஞன். இந்தப் பயணத்துக்கும் அகதிப் பயணப் பத்திரம், இத்தாலிய விசா, பிரதிகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரியாக முடித்தேன். நாங்கள் தீவுக்குப் போன நாளின் மறுநாளோடு விசா முடிந்துவிடும். போன அன்றே மாலை ஆறு மணிப் படகைத் தவறவிட்டால் ரயிலும் போய்விடும். காலாவதியான விசாவோடு எல்லையில் நிற்கும் அகதிக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு விதி இலக்கத்தோடு தெரியும்.

காலையில் படகு தீவைச் சுற்றிக் காட்டியது. முன்பக்கம் வெள்ளை வீடுகள். பின்பக்கம் ஒரு வீடும் இல்லை. உச்சியிலிருந்து கடல்வரை கறுத்த சரிவு மட்டும். கற்கள் தாமாக உருண்டு வந்து கடலில் விழுந்தன, விழுந்த இடத்தில் ஆவி எழும்பியது. படம் எடுத்தவர்கள் கமராவைக் கீழே இறக்கினார்கள்.

"காசு குடுத்துச் சுடலைப் புகை பாக்க வந்த ஆக்கள் நாங்கள்தான்" என்றார் அண்ணை.

உச்சிக்கு ஏறுபவர்கள் பெயர் எழுத வேண்டும் என்று வழிகாட்டி ஒரு தாளை நீட்டினார். படிவத்தை வாசிக்காமலே நிரப்பும் அளவுக்குத் தேறியவன் நான். சுவிஸ் படிவங்களில் மேல் வரியில் குடும்பப் பெயர், கீழ் வரியில் சொந்தப் பெயர். நமக்கேது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் போடுவோம். அப்படியே மேல் வரியில் அப்பாவையும் கீழ் வரியில் என்னையும் எழுதினேன். அப்பா அந்தத் தை மாதம் ஊரில் காலமாகியிருந்தார். ஊருக்குப் போனால் அகதி அகதியல்ல என்பதும் விதிதான். கொள்ளி வைக்க நான் போகவில்லை.

மேலே சூடு சப்பாத்தின் அடிவழியாக ஏறியது. நிலத்துக்குள் யாரோ அலுமாரியை இழுப்பதுபோல இடைக்கிடை சத்தம் வந்தது. கந்தகப் புகையில் என் பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தார். அண்ணை என்று நினைத்து, கால் நோகுதோ என்று கேட்டேன். புகை விலகியபோது அண்ணை நாற்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

இறங்கியதும் துறையில் வழிகாட்டி பெயர் வாசித்தார். இறங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கையொப்பமிட்டார்கள். சுவிஸில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்ததும் பழக்கத்தில் கையொப்பமிட்டேன். அடுத்த பெயருக்கு ஒருவரும் வரவில்லை. வழிகாட்டி ஒலிபெருக்கியை எடுத்து மலையை நோக்கி மூன்று தரம் அதைக் கூப்பிட்டார். மலை உறுமியது. இன்னொருவர் கயிறும் விளக்குமாக மேலே போக ஆயத்தமானார். ஒருவரை விட்டுவிட்டுப் படகு போகாதாம். ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இப்படியும் ஒரு பொறுப்பில்லாத மனிதன் இருப்பானா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நானும் எல்லோரோடும் புகையை உற்றுப் பார்த்தேன்.

அண்ணை மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உம்மடை பேரெல்லோ அது? நீர் இன்னும் மேலை நிக்கிறீராம்."

அண்ணை தனக்குத் தெரிந்த சமையலறை இத்தாலியத்தில் விளக்கினார். வழிகாட்டி என் பத்திரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். ஒரு வரிக்கு ஓர் ஆள் என்பதுதான் அவருடைய ஒழுங்கு. கையொப்பமிட்டவர் இறங்கிவிட்டார், மற்றப் பெயரை வெட்டி ஒப்பமிட்டுத் தரவேண்டும் என்றார்.

"இறங்கினவர் செத்துப்போனவர் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அதை அண்ணை மொழிபெயர்க்கவில்லை. "வெட்டும் தம்பி. படகு போகப்போகுது."

கச்சேரி முறைப்படி, பெயர் வாசிக்கக்கூடியதாக ஒரே கோட்டில் வெட்டினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். படகு புறப்பட்டது. எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் இரவு எல்லையில் அதிகாரி பத்திரத்தை விரித்து அப்பாவின் பெயரை வாசித்தார். ஓம் என்றேன். போகலாம் என்றார்.