யோகனின் பஸ்ஸில் பதினாறு கொரியர்கள்

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பஸ். ஒருவழி ஐம்பத்தெட்டு டொலர். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மூன்று நகரம், பதினொரு வீடு மாறியவன். ஆனாலும் இந்த ஒரு பாதையில் பத்தொன்பது வருடமாக ஏறவில்லை.

மொன்றியலில் யோகன் இருக்கிறான். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரே அறையில், ஒரே மெத்தையில் படுத்து எழும்பியவர்கள் நாங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை தொலைபேசியில் கதைப்போம். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் கதைப்போம்.

அந்த ஒன்று இதுதான். அந்நாளில் மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு பூங்கா, எங்கள் ஆட்களின் கரப்பந்துப் போட்டி, இறுதியாட்டத்தின் கடைசிப் புள்ளி. எதிரணி அடித்த பந்து வலைக்கு மேலே நீட்டிய என் கைகளைத் தாண்டி வெளியே விழுந்தது. கோட்டோரம் கொடி பிடித்து நின்ற யோகன், பந்து என் கையில் பட்டதென்று காட்டினான். பட்டிருந்தால் புள்ளி எதிரணிக்கு. "அம்மாவாணைப் படேல்லை" என்றேன். எங்கள் மைதானங்களில் அம்மா மேல் இட்ட ஆணைக்கு மேல் நடுவர் கிடையாது. புள்ளி வந்தது, கோப்பையும் வந்தது. யோகனைக் குருடன் என்று கூவினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பந்து பட்டிருந்தது.

போன கிழமை அவன்தான் கூப்பிட்டான். இப்போது வாடகைப் பஸ் ஓட்டுகிறான். "மச்சான், கொரியாவிலயிருந்து வொலிபோல் ரீம் ஒண்டு வந்து நிக்குது. சம்பளத்துக்கு விளையாடுற ஆக்கள். என்ர பஸ்ஸிலதான் திரியிறாங்கள். வந்து பாரன்." இம்முறை நேரில் சொல்லிவிடுவது என்று ஏறினேன். கிங்ஸ்ரன் தாண்டியதும் மரங்களுக்கிடையே ஆறு தெரிந்தது. ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது.

பிற்பகல் 1.20. நிலையத்தடி தெப்பனரில், இந்த ஊர்ப் பெட்டிக்கடையில், கோப்பி இரண்டேகால் டொலர். என் பிரெஞ்சில் மெர்சி மட்டும் மிஞ்சியிருந்தது. வாசலில் யோகன் நின்றான், தலை முழுக்க நரை.

"என்னடா, மண்டையில ஒண்டையும் காணேல்லை. கவிதை எழுதினா மயிர் கொட்டுமோ?"

"உன்ர வயிறு ஸ்ரியறிங்கில முட்டேல்லையோ?"

"முட்டினாத்தான் நேரா ஓடும். ஏறு."

2.30. விடுதி வாசலில் பதினாறு வீரர்கள். பஸ் கதவுக்குக்கூடத் தலை சாய்க்கவேண்டிய உயரம். ஒவ்வொருவரும் படியேறி, சாரதி ஆசனத்துக்கு நேரே நின்று, இடுப்பளவு குனிந்து வணங்கிவிட்டே உள்ளே போனார்கள். இறங்கும்போதும் அப்படித்தானாம்.

"பதினாலு வருசமா ஓடுறன், எனக்கு ஒருத்தரும் குனிஞ்சதில்லை" என்றான் யோகன். "முதல் நாள் என்னவோ கீழ விழுந்திட்டுதாக்குமெண்டு நானும் குனிஞ்சு தேடினனான்."

இந்தப் பருவத்துக்கு அவர்கள் எடுத்திருக்கும் வெளிநாட்டு வீரர் கியூபெக்காரர். அதனால்தான் பருவம் தொடங்குமுன் பத்து நாள் பயிற்சிக்கு இங்கே வந்திருக்கிறார்கள். உள்ளரங்கில் கால் வைக்குமுன் வெறுந்தரைக்கும் குனிந்தார்கள். யாருமில்லாத இடத்துக்கும் மரியாதை. நான் காலணி நாடாவைப் பார்த்துக்கொண்டேன்.

4.00. உள்ளூர் அணியோடு நட்பு ஆட்டம். கோட்டு நடுவர் ஒருவர் வரவில்லை. கொரியர்களின் மொழிபெயர்ப்பாளர், இந்த ஊரிலேயே வளர்ந்த பெண், யோகனிடம் வந்தார். தினமும் கோட்டோரம் இருந்து பயிற்சி பார்க்கிறவர்தானே, கொடியைப் பிடிக்கமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யோகன் சிரித்தபடி கையை ஆட்டினான். கண் சரியில்லை என்றான்.

"கண் சரியில்லாதவரா எங்களை ஏற்றி ஓட்டுகிறார்?" என்று அவரும் சிரித்துவிட்டுப் போனார். காயப்பட்ட வீரர் ஒருவர் கொடியை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு உது சரிவராது மச்சான்" என்றான் யோகன். "என்ர கண் எப்பிடியெண்டு உனக்குத் தெரியுந்தானே." குரலில் ஒரு முள்ளும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது செற். உள்ளூர் அணிக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். அவர்கள் அடித்த பந்து கொரியர்களின் ஏழாம் இலக்க வீரரின் கைகளைத் தாண்டி வெளியே விழுந்தது. கொடி மேலே உயர்ந்தது, வெறும் வெளிப்பந்து. நடுவரும் ஊதினார். ஏழாம் இலக்கம் கையை உயர்த்தித் தன் விரலைத் தொட்டுக் காட்டினார். செற் போயிற்று. ஒருவரும் அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

"பட்டதுதான். நானும் கண்டனான்" என்றான் யோகன், தனக்குள்.

6.40. விடுதி. பதினாறு பேரும் குனிந்து குனிந்து இறங்கிப் போனார்கள். வெறும் பஸ்ஸில் வியர்வை மணம் மட்டும் தங்கியது. நான் முன்னாசனத்தில் இருந்தேன்.

"யோகன், அண்டைக்குப் பந்து என்ர கையில பட்டது."

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. முன்கண்ணாடியையே பார்த்தான்.

"எந்த விரலெண்டு சொல்லாத. நான் சொல்லுறன். இடக்கைச் சின்னவிரல்."

"ஓம்."

"நுனியில."

"ஓம்."

"அப்ப நான் கண்டது சரி." வைப்பரை ஒருதரம் போட்டு நிறுத்தினான். மழை இல்லை. "நீ அம்மாவாணை எண்டாய். நான் உன்ர அம்மான்ர கையால சாப்பிட்டவன். நீ அவவை வைச்சுப் பொய் சொல்லுவாயெண்டு நினைக்கேல்லை. என்ர கண்தான் பிழையெண்டு நினைச்சன். ரெண்டுதரம் கண் டொக்டரிட்டப் போனனான். பஸ் லைசென்சுக்குக் கண் பாக்கப் போகேக்கையும் நடுங்கிக்கொண்டுதான் போனனான்."

"கோவமோ?"

"இல்லை. கனக்க யோசிக்கவேண்டிக் கிடக்கு." பஸ்ஸைக் கிளப்பினான். அன்றிரவு பியர்பொன்ட்ஸில் அவன் வீட்டில் நான் தங்குவதாக ஏற்பாடு. "மனிசி நண்டு வாங்கி வைச்சிருக்கிறாள். ஆனா இண்டைக்கு நீ வரவேண்டாம் மச்சான். அவளுக்கு முன்னால உன்னோட சிரிச்சுக் கதைக்க எனக்கு ஏலாது. மெற்றோவில விடுறன். பேந்து ஒருநாள் வா."

பேந்து என்பது எந்த நாள் என்று அவன் சொல்லவில்லை. கேட்கிற உரிமை என்னிடம் இல்லை. ரொறன்ரோவில் எனக்கு ஒரு அறை இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்கே மாறலாம். இந்த நகரத்தில் எனக்கென்று இருந்தது ஒரு வீடுதான்.

மெற்றோ வாசல். பதினாறு பேர் குனிந்து இறங்கிய படியில் நான் நிமிர்ந்தபடியே இறங்கினேன். நடைபாதையில் நின்று, திரும்பி, இடுப்பளவு குனிந்தபோது கதவு மூடி பஸ் நகர்ந்துவிட்டிருந்தது.

பக்கக் கண்ணாடியில் கண்டிருப்பான். அவனுக்கு நல்ல கண்.