ஹீலியத்தில் மாட்டிய குரல்

என் கணவரின் குரல் என்று மிஞ்சியிருப்பது ஒரு சின்ன வீடியோ. அதுவும் கோமாளிக் குரல்.

ராஜபாளையம் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். கிருஷ்ணன்கோவில் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். போனும் அவரோடு நொறுங்கியது. வாய்ஸ் மெசேஜ் போடுகிற பழக்கமே கிடையாது. "நேர்ல பேசிக்கிடுவோம்ட்டி" என்பார். கல்யாண வீடியோவைத் தேடியெடுத்தேன். எங்கள் பக்கத்து வீடியோக்காரர்களைத்தான் தெரியுமே, பேச்சையெல்லாம் அழித்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டு! அவர் வாயசைக்கிறார், எவனோ பாடுகிறான். டிவியை உடைக்கலாம் போல வந்தது.

மகளின் பிறந்தநாள் பலூனிலிருந்து ஹீலியத்தை உறிஞ்சிவிட்டு, "ஏட்டி, கேக்க வெட்டுங்க, நேரமாகுதுல்ல" என்று அவர் கீச்சிட்டது மட்டும் நாத்தனார் போனில் இருந்தது. அதைத்தான் தினமும் போட்டுப் போட்டுக் கேட்டேன். மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது, "அப்பா நெசமா எப்படிம்மா பேசுவாங்க?" என்கிறாள்.

காற்றைவிட ஹீலியத்தில் ஒலி ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக ஓடும் என்று படித்தேன். அப்படியானால் வேகத்தைக் குறைத்தால் போதுமே! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

ஸ்டுடியோக்காரர் மெதுவாக ஓடவிட்டார். குடித்துவிட்டு உளறும் கிழவன் ஒருவன் பேசினான்.

"இது அவிய இல்ல" என்று கத்திவிட்டேன்.

"அப்படித்தாங்க்கா வரும். தொண்டை எப்பவும்போலத்தான் அதிர்ந்திருக்கு. வாய்க்குள்ள எதிரொலிக்கிற சத்தந்தான் கேஸ்ல வேகமா ஓடி மெலிஞ்சுபோச்சு. அத மட்டும் இறக்கணும். ஆனா கேஸ் எம்புட்டு, காத்து எம்புட்டு கலந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே. கொஞ்சங்கொஞ்சமா இறக்குதேன். அண்ணன் குரல் வந்ததும் சொல்லுங்க."

இதிலென்ன கஷ்டம்? கூடக் குடித்தனம் நடத்தியவள் நான். கண்ணை மூடிக்கொண்டேன்.

கீச்சு கொஞ்சம் அடங்கியது. "இதுதான்" என்றேன். இன்னும் இறக்கினார். அதுவும் அவர்தான். அடுத்ததும் அவர்தான். முதலில் வந்ததைத் திரும்பப் போடச் சொன்னேன், யாரோ அந்நியர் பேசினார். பயந்துபோய், மனதுக்குள் அவரைப் பேசச் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் கீச்சுக் குரல்தான் வந்தது. பாவி, கேட்டுக் கேட்டே நிஜக் குரலைத் தொலைத்திருக்கிறேன்.

"எதக்கா சேவ் பண்ண?"

எதையோ ஒன்றைக் கைகாட்டினேன். வீட்டில் மகள் அதைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

"அப்பாவா?"

"ஆமா" என்றேன்.