ஏழுமலை அண்ணன் எழுதிய கடைசி வார்த்தை

ஏழுமலை அண்ணன் இறந்த செய்தி அவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது. காலையில் என் பாத்திரக் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். "ஜெராக்ஸ் கடை ஏழுமலை அண்ணன் காலமானார்" என்று அவர் தெருக்காரர் போட்டிருந்தார். வேறு குழுவாக இருந்தால் கும்பிட்ட கைகளும் பூக்களும் வரிசைகட்டியிருக்கும். இங்கே ஒருவர் கேட்டார்: "பார்த்ததா, கேட்டதா?" யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். தூக்கத்திலேயே போயிருந்தார். கண்ணாடி மடங்கித் தலைமாட்டில் இருந்தது. வாசலுக்கு வந்து போனை எடுத்தேன். அவருக்காகவே "பார்த்தது" என்று தட்டினேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் அவர். மனுவுக்கு நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் "தண்ணி எப்ப வுடுவாங்க, முகாம் எங்க" என்று அவரையே குடைந்ததால்தான் அந்தக் குழுவை ஆரம்பித்தார். குடிநீர், மின்தடை, குப்பை வண்டி, முகாம் என்று பேரூராட்சிச் சேதி எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு சேதியின் கடைசியிலும் ஒரு வார்த்தை இருக்கும். தன் கண்ணால் கண்டிருந்தால் "பார்த்தது". பிறர் வாயிலாக வந்திருந்தால் "கேட்டது".

தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் உடனே போடமாட்டார். டிவிஎஸ் 50-ஐ மிதித்துக் கிளப்பிக்கொண்டு மேட்டுத் தெருக் கடைசிக் குழாய்வரை போவார். "பள்ளத்துல இருக்கறவனுக்குத் தண்ணி தானா வரும். மேட்டுல வந்தாத்தான் ஊருக்கு வந்த மாதிரி" என்பார். அதன் பிறகே குழுவில் விழும்: "குடிநீர் வந்தது. கடைசிக் குழாய்வரை. பார்த்தது." நான் கேலி செய்வேன். "ஏண்ணா, குழாயடிப் பொம்பளைங்க உங்கள வரன் பாக்க வந்தவர்னு நினைச்சிடப் போறாங்க." அவர் அசரமாட்டார். "நினைக்கட்டும் தங்கச்சி, கேட்டதுனு போட்டுடுவேன்."

ஒருமுறை ஒரு புதுச் சாலையின் படத்தை யாரோ போட்டுப் பெருமைப்பட்டார்கள். சாயங்காலம் அண்ணன் எழுதினார்: "சாலை போட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது. பாதிவரை. பார்த்தது." மீதிப் பாதி அடுத்த வாரமே போடப்பட்டது. அதையும் போய்ப் பார்த்து, நன்றி சொல்லி எழுதினார். குறை சொல்வதற்கு மட்டும் வண்டியை எடுக்கிற ஆள் இல்லை அவர். வானிலையைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. "மழை வருமாம். கேட்டது." கொஞ்ச நேரம் கழித்து, "மழை. பார்த்தது. நனைந்தேன்."

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதருக்கு ஊரில் "மண்டபம் ஏழுமலை" என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். முதியோர் உதவித்தொகைக்கு மனு வாங்கும் முகாம் பள்ளிக்கூடத்திலா, கல்யாண மண்டபத்திலா என்று ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. அண்ணன் "மண்டபம். பார்த்தது" என்று போட்டார். முகாம் நடந்ததோ பள்ளிக்கூடத்தில். கொளுத்தும் வெயிலில் வயசானவர்கள் பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றார்கள். அனந்தபுரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா அவரைப் பிடித்து உலுக்கினாள். "உன் பேச்ச நம்பி வந்தேனே, இன்னா மனுசன்யா நீ?" அவர் தலை குனிந்து, "தப்பு என்னுதும்மா. வண்டில ஏறு" என்றார். மத்தியானம்வரை ஒவ்வொருவராக வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். அன்று அவருக்கு உடம்பெல்லாம் காய்ச்சல்.

அந்தக் காய்ச்சல்தான் விஷயம். முகாமுக்கு முந்தின நாள் எழுந்து நடக்க முடியாமல் எனக்குப் போன் செய்திருந்தார். "பேரூராட்சி ஆபீஸ் போர்டுல இன்னா போட்டிருக்குதுனு பாத்துச் சொல்லு தங்கச்சி." முகூர்த்த நாள் நெருக்கம். என் பாத்திரக் கடையில் அவலூர்பேட்டையிலிருந்து சீர் வாங்க வந்த கும்பல். குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "மண்டபத்துல தான்" என்றாள். நானும் நின்ற இடத்திலிருந்தே போனில் சொன்னேன்: "மண்டபம்ணா. பாத்துட்டேன்." நான் பார்க்கவில்லை. கடை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

மறுநாள் மண்டபத்து வாசலுக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் தனியே இழுத்தார். "வாய மூடு. உன்ன நம்பித்தான் ஜனம் பாத்திரம் வாங்குது. எனக்கு இன்னா, நான் பொய் சொன்னாலும் ஜெராக்ஸ் மிஷினு சொல்லாது" என்று சிரித்தார். அன்று மாலை குழுவில் எழுதினார்: "மண்டபம் என்றது தவறு. நான் பார்க்கவில்லை. பார்த்தது என்று எழுதினேன். மன்னிக்கவும்." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் பெயரும் இல்லை. நான் எனக்கு வசதியாக வாயை மூடிக்கொண்டேன். பட்டப்பெயரை அவர் சுமந்தார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

சாவு வீட்டில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பாசமாகத்தான், "பாவம், மண்டபம் ஏழுமலை போயிட்டாரு" என்றார். அவர் உயிரோடு இருந்தவரை அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல, பயந்தேன். இனி அந்தப் பெயர் அவரோடு போகக்கூடாது. மண்டபம் என்று சொன்னது நான். பாத்திரக் கடைக்காரி. இனிமேல் யாராவது என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

குழுவை இப்போது நான் நடத்துகிறேன். எனக்கு வண்டி ஓட்ட வராது. கடை திறக்கும் முன் மேட்டுத் தெருக் கடைசிக் குழாய்வரை நடந்து போகிறேன், மூச்சு வாங்குகிறது. அந்த நடையையும் அந்த இரண்டு வார்த்தைகளையும்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஏழுமலை அண்ணன் சொர்க்கத்துக்குப் போயிருப்பார் என்கிறார்கள். கேட்டது.

தங்கமான மனிதர். பார்த்தது.