உப்புப் போட்ட ஐஸ்கிரீம்

காலை ஒன்பது மணிக்குப் பழனி பஸ் என்னைக் கோவை உக்கடத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து காந்திபுரம், பிறகு இருபது கிலோமீட்டர் போனால் பெரியநாயக்கன்பாளையம். அதற்குப் பக்கத்தில் ஒரு வேளாண் கல்லூரியில் மூன்று தலைமுறையாக ஐஸ்கிரீம் செய்கிறார்களாம். அந்தக் கதையை எழுதத்தான் இத்தனை அலைச்சல்.

பெரியநாயக்கன்பாளையம் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாவிடம் அந்த ஐஸ்கிரீம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருக்குமுங்க."

"மறுபடி வாங்குவீங்களா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்டோக்காரர் செல்வராசுவும் நல்லா இருக்கும் என்றார். அவரும் இரண்டாவது தடவை வாங்கியதில்லை. இந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து 'நல்லா இல்லை' என்பதைப் பிடுங்குவதற்குள் என் உயிர் போய்விடும்.

ஐஸ்கிரீம் பிரிவின் பொறுப்பாளர் ராஜேஸ்வரி பழைய சாதனத்தைக் காட்டினார். மரத்தொட்டி, அதற்குள் தகர டப்பா. டப்பாவில் பாலும் சர்க்கரையும். வெளியே சுற்றிலும் ஐஸ்கட்டியும் கல்லுப்பும். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பால் உறையும். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பொத்தல்.

"இப்ப மிசின் வந்துபோட்டுதுங்க. ஆனாலும் பழைய ருசி மாறக் கூடாதுன்னு ஒரு கை உப்பு நாங்களே போட்டுருவமுங்க" என்றார் பெருமையாக.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பொத்தல் வழியாக உப்புத் தண்ணீர் கசிந்திருக்கிறது. தின்றவர்கள் எல்லோரும் மரியாதைக்கு நல்லா இருக்குதுங்க என்றிருக்கிறார்கள். அந்தக் கசிவே செய்முறையாகிவிட்டது!

"நாளைக்கு டவுன்ல கடை தொறக்கறமுங்க. ஓடலீன்னா இந்தப் பிரிவையே மூடிப்போடுவாங்க. சாப்பிட்டுச் சொல்லுங்க."

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். கரித்தது. எங்கள் திண்டுக்கல்லாக இருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க."

இன்னொரு கப் வந்தது.

திரும்பும் வழியில் செல்வராசுவிடம் பொரிந்து தள்ளினேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடவா உண்மையைச் சொல்லவில்லை?

"நீங்க என்னங்க சொன்னீங்க?" என்றார்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

பொத்தலைக் காட்டி, உப்புக் கரிக்கிறது என்று ராஜேஸ்வரியிடம் சொன்னேன். டப்பாவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

அதே கேள்வியைத்தான் நான் ஆட்டோவில் ஊரைப் பார்த்துக் கேட்டிருந்தேன்.

உப்பில்லாமல் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். "இதையாச்சும் உள்ளத உள்ளபடி சொல்லோணுமுங்க."

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலுங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஆட்டோவில் ஏறும்போது பார்த்தேன்: உப்பு மூட்டை வாசலுக்கு வெளியே கிடந்தது.