பொமேரியனுக்குப் போட்ட மொட்டை

சென்ற ஆண்டு சித்திரையில் எங்கள் கிழட்டுப் பொமேரியன் மாடிப்படியில் மயங்கி விழுந்தது. ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, ஒருவழியாக எழுப்பினோம். இன்னொரு கோடையை அது தாண்டாது என்ற பயம் அன்றே என் மனைவியைப் பிடித்துக்கொண்டது. இந்த ஆண்டு மாசி முடிவதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அவள் கணக்கு எளிது. வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசுகிறோம். நாய்க்கோ உடம்பு முழுக்க முடி. தெருமுனைச் சலூன்காரரை வரவழைத்தாள்.

"அண்ணி, ஆளுங்களுக்குத்தான் அடிச்சிருக்கேன். கடிச்சிட்டா?"

"அதுக்குப் பாதிப் பல்லு கொட்டிடுச்சி. நீ அடி தம்பி."

டிரிம்மர் ஓய்ந்தபோது வாசலில் ஒரு தலையணைக்குப் போதுமான முடி கிடந்தது. நடுவில் இளஞ்சிவப்பாக, பாதி உருவத்தில் நாய் நின்றது. மனைவி முதுகெல்லாம் சந்தனம் பூசினாள். நாக்கு எட்டிய இடத்தையெல்லாம் அது நக்கித் தீர்த்தது.

மாலை, கோட்டைச் சாலையில் வழக்கமான நடை. டீக்கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இன்னா அண்ணி, மொட்ட எங்க? மலையனூரா, திருப்பதியா?"

"உனக்கு நல்ல புத்தி வரணும்னு வேண்டிக்கினேன். அதான் போட்டுட்டேன்" என்றாள் மனைவி, நிற்காமல்.

காலை வெயிலில் மொட்டைமாடியில் படுப்பது நாயின் பழைய பழக்கம். அதை அது விடவில்லை. நாலைந்து நாளில் முதுகு சிவந்து தோல் உரிந்தது. தொட்டால் உறுமியது, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கால்நடை மருத்துவமனையில் ஆடுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம்.

"சூடு தாங்காதுன்னுதான் வெட்டினோம் மேடம்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா முதுகைப் பார்த்தார். "வெயில் உள்ள எறங்காம அந்த முடிதாம்மா தடுக்குது. கூரையப் பிரிச்சிப் போட்டுட்டு, வூடு சுடுதுன்னா எப்படி?"

களிம்பு கொடுத்தார். உதிரும் முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும், நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும், நடையை விடிகாலைக்கு மாற்றுங்கள் என்றார். கடைசியாகச் சொன்னதை அன்று மாலையே சோதித்தேன். வெயில் சாய்ந்து வெகு நேரமாகியும் கோட்டை மலைப்பாறைகளிலிருந்து அனல் வந்துகொண்டிருந்தது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்து, உடனே எடுத்துவிட்டேன். அதன் மேல்தான் இத்தனை காலம் நாயை நடத்தியிருக்கிறோம்.

மனைவி என் பழைய பருத்திப் பனியன் ஒன்றை வெட்டித் தைத்து நாய்க்கு மாட்டினாள். மாடிக் கதவைப் பூட்டினாள். புண் ஆறியது. கத்திரி வெயிலைக் குளியலறை வாசலில் படுத்தே அது கழித்தது.

முதல் மழை பெய்த அன்று மாடிக் கதவைத் திறந்தாள். பனியனோடு நாய் படியேறியது. கழற்றிப் பார்த்தால், முதுகில் முடி திட்டுத் திட்டாக முளைத்திருந்தது. மனைவி சீப்பை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.