வாசலில் தொங்கும் முள்ளுப் பேத்தை

கணபதி பகுதியில் மச்சினன் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தோம். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்க வேண்டிய இடத்தில், பந்துபோல் உப்பிக் காய்ந்த ஒரு மீன் தொங்கியது. உடம்பெல்லாம் முள். கிட்டே போனால் கவிச்சை.

"முள்ளுப் பேத்தைங்க மச்சான். தீவுக்கு டூர் போனப்ப நானே புடிச்சது. இனி எந்தக் கண்ணும் படாது பாருங்க" என்று போனை நீட்டினான்.

வீடியோவில், பவளப்பாறை இடுக்கில் ஒரு சாதுவான மீன் ஒண்டியிருந்தது. இவன் குச்சியால் குத்தினான். அது பயத்தில் தண்ணீரை மடக்மடக்கென்று விழுங்கி உப்பியது. படுத்திருந்த முட்கள் விறைத்து நின்றன. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. ஓடக்கூட முடியாமல், பெரிய கண்களை விழித்தபடி மிதந்தது. படகில் சிரிப்பு.

"இப்படி உப்புனாத்தானுங்க ஷோவா இருக்கும். அப்படியே காய வெச்சுப்போட்டோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பந்தியில் கேசரியைத் தொடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வீடு திரும்பும்போது என் மனைவி, "நம்ம ஊட்டுக்கும் ஒண்ணு கொண்டாரச் சொல்லியிருக்கேனுங்க" என்றாள். என்னால் தடுக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வாசலிலும் ஒன்று தொங்குகிறது. தினமும் அதன் கண்ணில் படாமல், தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போகிறேன்.