நாக்கில் ஒட்டாத வில்லை

இருபத்தொரு வயது நிரம்பாதவர் சூதாட்டக் கப்பலில் ஏறக்கூடாது. காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளைக் கப்பலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பதினேழு வருடம் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே நல்ல விதிகள். எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் விதியை என்மீது கறாராக நிறைவேற்றினார்கள். இரண்டாவது, அப்பாவின் சட்டைப் பைக்குள் மடங்கி வெளியே வந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். விருத்தாசலத்தில் அப்பா பீங்கான் பட்டறை வைத்திருந்தார். பியூஸ் கட்டை செய்வார். கேட்பவர் குறைந்த பிறகும் சூளை போடுவதை நிறுத்தவில்லை. கட்டைகள் பட்டறையை நிரப்பி, வீட்டுக்குள் வந்து, கடைசியில் கட்டிலுக்கு அடியிலும் புகுந்தன. அம்மா ஒருநாள் பெண்ணாடத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "ஒரே ஒரு ஆர்டரு கொண்டாந்து காட்டுங்க, வரேன்" என்றாள். பரீட்சை இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள். பரீட்சை முடிந்தும் அவள் வரவில்லை.

அந்த விடுமுறையில்தான் கோவாவுக்குப் பீங்கான் சாமான் ஏற்றிப்போன ஒரு வேனில் நாங்களும் தொற்றிக்கொண்டோம். ஓட்டல்காரர்கள் ஏதாவது கேட்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு. ஒருவரும் கேட்கவில்லை. திரும்பும் சரக்குக்காக ஒருநாள் சும்மா இருக்க வேண்டியிருந்தது. "கப்பலயும் பாத்துட்டு வந்துடறேன்" என்று அப்பா ஏறிப்போனார். டிரைவர் பக்கத்தில் நிறுத்திய வேனில் தூங்கினார். ஆற்றங்கரைச் சிமென்ட் பெஞ்சில் நான் மட்டும்.

ஊரே நிதானமாக உலாவிக்கொண்டிருந்தது. தொப்பி வைத்த ஒரு அம்மா தன் பிள்ளைக்குக் குனிந்து செருப்பு வாரைப் போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு என்னைவிடப் பெரிய கால். பன் விற்றவர் என்னிடம் ஏதோ கேட்டார்; எனக்குப் புரியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். பசித்தது.

சாயங்காலம் அப்பா ஓட்டமும் நடையுமாக வந்தார். பையிலிருந்து பச்சை வில்லை ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினார். சரியாக வேகாத பீங்கான் நாக்கில் ஒட்டும்; வெந்தது ஒட்டாது.

"பாத்தியாடா? ஒட்டல. நம்ம சூளையிலயே இத எடுத்துடலாம்."

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏண்ணே, எல்லாரும் சூதாடப் போவாங்க. நீங்க நக்கிட்டு வரீங்களா?"

"நீ சும்மா இருப்பா."

"அம்மா வருவாங்களாப்பா?" என்றேன்.

"ஆர்டரு வந்தா ஏன் வராம?"

ஊர் திரும்பியதும் அதே பச்சை, அதே முத்திரை, அதே கனத்தில் இருபத்தைந்து வில்லைகள் செய்தார். வைக்கோலில் பொதிந்து, டைப் அடிக்கும் கடையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்து, ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் கப்பல் கம்பெனிக்கு அனுப்பினார். ஒருவருடைய காசையே கள்ளத்தனமாக அச்சடித்து, அவருக்கே மாதிரி அனுப்பி, நடைமுறைப்படி ஒப்புகையும் கேட்ட இன்னொரு ஆளை என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்க்கவில்லை.

மாதக்கணக்கில் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒருநாள் நீள உறை வந்தது. அப்பா எட்டாவது வரைதான். உறையைப் பிரிக்கவே இல்லை. "ஒங்கம்மாதான் பிரிக்கணும்" என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பெண்ணாடத்தில் மாமா நாற்காலியிலிருந்து எழவில்லை. "என்னா மாப்ள, கப்பல்காரன் பியூஸ் கட்ட கேக்குறானா?"

"படிக்கச் சொல்லுங்க ஒங்க தங்கச்சிய."

பன்னிரண்டாவது படித்த அம்மா உறையைக் கிழித்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவும்தான்.

"ஆயிரம் வில்ல கேக்குறாங்க" என்றாள் அம்மா. "எப்ப வேணும்னு அப்பறம் சொல்றாங்களாம்."

மாமா எழுந்து அப்பாவுக்கு நாற்காலி போட்டார். அம்மா பையில் புடவைகளை அடுக்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கண்டக்டர் வரைக்கும் ஆர்டர் கதையைச் சொன்னார். அம்மா ஜன்னலோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆர்டர் வந்த வீட்டில் ஒருவர் ஏன் இப்படி வர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. காற்று கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று ஜன்னலை இறக்கிவிட்டேன். அதன்பின் அப்பா எப்போது கேட்டாலும், "சொல்லி அனுப்புவாங்க, இருங்க" என்பாள். கடிதத்தை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டாள்.

அப்பா கடைசிவரை ஆயிரம் வில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் காலமான பிறகு, பெட்டியில் அவள் புடவைகளுக்கு அடியில் அந்தக் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. தாங்கள் அனுப்பியவற்றை எங்களுடையவற்றிலிருந்து பிரித்தறிய முடியவில்லை, எல்லாவற்றையும் உடைத்துவிட்டோம், இன்னும் ஒன்று செய்தாலும் போலீசுக்குப் போவோம்.

கீழே ஓரத்தில் அம்மாவின் பொடி எழுத்து: நான் வீட்டுக்கு வந்தது, மாசி மகத்துக்கு முதல் நாள்.